அப்பா பெயரில் அரசாங்கத்திடம் பணம் கிடக்கிறதாம், ஏஜெண்ட் 25 விழுக்காடு கேட்கிறார். என்ன செய்வது?

பிறை மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது, பினாங்கு மாநிலம் பிறையில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா 2017-ல் தவறிவிட்டார்.

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப்பில் அழைத்தார். உங்கள் அப்பா பெயரில் அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது, நான் எடுத்துத் தருகிறேன், வருவதில் 25 விழுக்காடு எனக்கு என்றார். நம்ப வேண்டுமே என்று ஒரு படமும் அனுப்பினார். அதில் மூன்று வரிகள் இருக்கின்றன. பேங்க் கணக்கு 1,142 வெள்ளி 60 காசு. இன்சூரன்ஸ் 2,850 வெள்ளி. சம்பள பாக்கி 86 வெள்ளி 40 காசு. பெயர் அப்பாவுடையதுதான். ஆனால் ஒரு வரியில் மட்டும் பெயரின் கடைசி எழுத்து ‘ஒய்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐ’ என்று இருக்கிறது. ஐசி (அடையாள அட்டை) எண் 12 இலக்கத்தில் இல்லை, பழைய 7 இலக்க எண்.

ஏமாற்று வேலையாக இருக்கும் என்று பேச்சை முடித்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் யுனைடெட் ஏஷியன் பேங்க் புத்தகம் இருந்தது. சுற்றியிருந்த ரப்பர் உருகி அட்டையோடு ஒட்டிப் போயிருந்தது. உள்ளே எல்லாம் 10 வெள்ளி, 20 வெள்ளியாகப் போட்ட கணக்கு. ஒரே ஒரு இடத்தில் 300 வெள்ளி எடுத்திருக்கிறார், 1984 ஜனவரியில். நான் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிப் புகுமுக வகுப்புக்குப் போன வருஷம் அது. கடைசி வரி 1988. அதில் உள்ள மீதிக்கும் படத்தில் உள்ள தொகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்த ஆள் சொன்னது உண்மைதானே?

அப்பா முதலில் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். அப்புறம் பிறையில் தொழிற்சாலை வேலை. கடைசிக் காலத்தில் காவல் வேலை பார்த்தார். அந்த 86 வெள்ளி 40 காசு அந்தக் காவல் வேலைக்கானதாகத்தான் இருக்க வேண்டும். உடம்பு முடியாமல் பாதியில் நின்றவர் அவர். அந்தச் சம்பளத்தைக் கேட்டு வாங்க யாரும் போகவில்லை.

என் கேள்விகள்: இது இன்னும் செல்லுமா, இல்லை காலம் கடந்துவிட்டதா? அந்த பேங்க்கே இப்போது இல்லையே, யாரிடம் போய்க் கேட்பது? அப்பா உயில் எழுதவில்லை. அம்மா இருக்கிறார், 78 வயது, அதிகம் நடக்க முடியாது. அண்ணன் கோலாலம்பூரில், தம்பி சிங்கப்பூரில். நாங்கள் இருக்கும் தாமான் வீடும் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஏஜெண்ட் இல்லாமல் முடியுமா? 25 விழுக்காடு என்றால் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போய்விடும். அது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

---

செந்தூல் பையன் எழுதியது:

அக்கா, முதல் வேலையாக அந்த ஆளுக்கு ஐசி படம், பேங்க் கணக்கு எண், போனுக்கு வரும் டேக் எண் எதையும் அனுப்பாதீர்கள். அவர் ஏதாவது ஆப் அனுப்பி இறக்கச் சொன்னால் தொடவே வேண்டாம். ஏற்கனவே கொடுத்துவிட்டுப் பணம் ஏதும் போயிருந்தால் உடனே உங்கள் பேங்க்குக்கும் 997-க்கும் போன் போடுங்கள். மோசடிப் புகாருக்கு என்றே உள்ள எண் அது.

இந்தப் பணத்தை வைத்திருப்பது ஜேஏஎன்எம், அதாவது நம் அரசாங்கத்தின் தலைமைக் கணக்காளர் துறை. மலாயில் வாங் தா டித்துன்துட், அதாவது கேட்டு வாங்காத பணம் என்பார்கள். தேடிப் பார்க்க இகுமிஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. பதிவு செய்யவும் காசு இல்லை, தேடவும் காசு இல்லை. முகவரி ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். முகநூலில் வரும் லிங்க் வழியாகப் போக வேண்டாம். ஏஜெண்ட் யாரையும் நாங்கள் வைக்கவில்லை என்று அந்தத் துறையே சொல்லியிருக்கிறது.

இந்தக் கணக்கில் மொத்தமாக 10 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் கிடக்கிறது. அதனால்தான் இதையே தொழிலாக வைத்து இத்தனை பேர் சுற்றுகிறார்கள். அப்பா தவறிவிட்டதால் உங்களுக்கு என்னென்ன பத்திரம் தேவை என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இங்கே ஜெலுத்தோங் அக்கா வருவார், அவரைக் கேளுங்கள்.

---

ஜெலுத்தோங் அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் ஜார்ஜ்டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. சொத்து மாற்றம், குவாசா (இறந்தவரின் சொத்தைக் கையாளும் அதிகாரப் பத்திரம்) எடுப்பது, இதுதான் ரொம்ப வருஷமாக என் வேலை. நிதானமாகப் படியுங்கள்.

காலம் கடக்கவில்லை. இந்தப் பணம் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. யாருக்காவது கொடுக்க வேண்டிய பணத்தை ஒரு வருஷமாகக் கொடுக்க முடியவில்லை என்றால் கம்பெனி அதை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். சம்பளம், முதிர்ந்த இன்சூரன்ஸ், டிவிடெண்ட் எல்லாம் இந்த வகை. பேங்க் கணக்கில் 7 வருஷம் போடுவதும் எடுப்பதும் இல்லை என்றால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு வருஷமும் மார்ச் 31-க்குள் போன வருஷத்துக் கணக்கை அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அப்பா 1988-க்குப் பிறகு அந்தக் கணக்கைத் தொடவில்லை என்றால் 90-களின் நடுவிலேயே அது அரசாங்கத்திடம் போயிருக்கும். ரொம்ப நாள் ஆன பணத்தை அரசாங்கத்தின் பொது நிதிக்கு மாற்றிவிடுவார்கள். அப்போதும் உரியவருக்கும் வாரிசுக்கும் உள்ள உரிமை போகாது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஒன்று, அங்கே போன நாளிலிருந்து வட்டி கிடையாது. அவசரப்பட்டு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் காரணம். இன்றைக்கு எடுத்தாலும் அடுத்த வருஷம் எடுத்தாலும் அதே 4,079 வெள்ளிதான்.

பேங்க் இல்லை என்று கவலைப்படாதீர்கள். யுனைடெட் ஏஷியன் பேங்க் நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த பேங்க். இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க் மூன்றுக்கும் இங்கே இருந்த கிளைகளைச் சேர்த்து 1973-ல் உண்டாக்கியது. அது 1991-ல் பேங்க் ஆஃப் காமர்ஸோடு சேர்ந்தது. அது 1999-ல் பூமிபுத்ரா காமர்ஸ் ஆனது. 2006-ல் சிஐஎம்பி. ஆகையால் கணக்கு அப்பாவுடையதுதான் என்று உறுதிக் கடிதம் தேவைப்பட்டால் நீங்கள் போக வேண்டிய இடம் சிஐஎம்பி கிளை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் பான் ஹின் லீ பேங்க் புத்தகம் இருந்தால் அதுவும் சதர்ன் பேங்க் வழியாக சிஐஎம்பிக்குத்தான் போயிருக்கிறது. குவோங் யிக் என்றால் ஆர்எச்பி. பசிபிக் பேங்க் என்றால் மேபேங்க். இயோன் பேங்க் என்றால் ஹொங் லியோங். பேங்க் மூடிவிட்டது என்று நினைத்துப் பழைய புத்தகத்தைக் குப்பையில் போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து போடாதீர்கள். கணக்கு எண்ணும் பழைய ஐசி எண்ணும் ஒரே தாளில் இருப்பது அந்தப் புத்தகத்தில்தான்.

பழைய ஐசி எண் ரொம்ப முக்கியம். 12 இலக்க எண் 1990-ல்தான் வந்தது. அதற்கு முன் திறந்த கணக்குகள் பழைய எண்ணிலேயே கிடக்கும், புதிய எண்ணைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. அப்பாவின் பழைய எண்ணை உங்கள் பிறப்புப் பத்திரத்தில் பாருங்கள், அதில் தகப்பனார் ஐசி எண் எழுதியிருக்கும். அம்மாவின் கல்யாணப் பத்திரத்திலும் இருக்கும். இரண்டு எண்ணும் ஒரே ஆளுடையது என்று தேசியப் பதிவு இலாகாவில் கடிதம் வாங்கி வையுங்கள். ‘ஒய்’, ‘ஐ’ வித்தியாசம் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் சாதாரணம். கிராணி காதில் விழுந்தபடி எழுதினார், அதன்பின் ஒவ்வொரு ஆபீஸும் தன் இஷ்டத்துக்கு எழுதியது. அந்த ஒரு வரிக்கு மட்டும் பணத்தை அனுப்பிய பேங்க்கோ கம்பெனியோ இவர்தான் அவர் என்று உறுதிக் கடிதம் கொடுத்தால் போதும். சில நேரம் சத்தியப் பிரமாணப் பத்திரமும் கேட்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் கேள்வியில் பணத்தைப் பெரிதாகவும் வீட்டைக் கடைசியிலும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. வீடு இன்னும் அப்பா பெயரில் இருப்பதுதான் பெரிய விஷயம். அந்த வேலையை முடித்தால் 4,079 வெள்ளி அதோடு சேர்ந்து தானாக வந்துவிடும்.

இறந்தவரின் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஜேஏஎன்எம் தானாக முடிவு செய்யாது. வாரிசு இன்னார், பங்கு இவ்வளவு என்று ஒரு உத்தரவு வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்பது சொத்தைப் பொறுத்தது. வீடு நிலம் எதுவும் இல்லாமல் ரொக்கம், பங்கு மாதிரி மட்டும் 600,000 ரிங்கிட்டுக்குள், உயிலும் இல்லை என்றால் அமானா ராயா என்ற அரசாங்க அறங்காவல் நிறுவனத்துக்குப் போகலாம். உங்களுக்கு வீடு இருக்கிறது. அதனால் புசாக்கா கெச்சில், சிறு சொத்துப் பிரிவு. சிறு என்ற பெயரைப் பார்த்து நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். முன்பு 2 மில்லியன் வரை என்று இருந்ததை 2024 ஜூலையிலிருந்து 5 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்திவிட்டார்கள். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு நானே சொல்கிறேன்.

வீடு இருக்கும் வட்டாரத்தில் மனு போட வேண்டும். பிறை என்றால் செபராங் பிறை தெங்கா, புக்கிட் மெர்தாஜாம் பக்கம். போராங் ஏ என்ற பாரம். இறப்புச் சான்றிதழ், வீட்டு கெரான் (நிலப் பட்டா), கல்யாணப் பத்திரம், வாரிசுகள் எல்லாருடைய ஐசி, பிறப்புப் பத்திரம் இணைக்க வேண்டும். அந்தப் பாரத்தில் அசையும் சொத்துக்கு என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே இந்த மூன்று வரியையும் தொகையோடு எழுதுங்கள். எழுதாமல் விட்டுவிட்டால் உத்தரவில் வராது, அப்புறம் போராங் பி போட்டு இன்னொரு முறை விசாரணைக்கு நிற்க வேண்டும். அப்படி நின்றவர்கள் நிறையப் பேர். அதனால் மனு போடுவதற்கு முன்பே ஜேஏஎன்எம் கிளைக்குப் போய், அப்பாவின் இரண்டு ஐசி எண்ணையும் கொடுத்து எல்லாவற்றையும் தேடித் தரச் சொல்லுங்கள். அந்த ஏஜெண்ட் படத்தில் மூன்றுதான் இருக்கிறது என்பதற்காக மூன்றோடு நின்றுவிடாதீர்கள்.

உத்தரவு வந்ததும் யூஎம்ஏ-7 பாரத்தைப் பூர்த்தி செய்து, உத்தரவின் நகல், ஐசி, உங்கள் பேங்க் கணக்கு விவரம் வைத்துக் கொடுத்தால் பணம் நேராகக் கணக்குக்கு வரும். அதற்குத்தான் அந்த ஆள் 1,019 வெள்ளி 75 காசு கேட்கிறார். உத்தரவு வாங்கும் வேலை, தம்பியைக் கூப்பிடும் வேலை எல்லாம் எப்படியும் நீங்களேதான் செய்யப் போகிறீர்கள். அவர் செய்யப் போவது ஒரு பாரத்தை எழுதிக் கொடுப்பது மட்டுமே. அந்த ஆயிரம் வெள்ளி உங்கள் குடும்பத்துடையது.

---

முன்னாள் தோட்டக் கிராணி, நிபோங் திபால் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பா எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. பரவாயில்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கணக்கு எழுதியவன் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் வேலை செய்தவரின் பணம் ஒரே இடத்தில் இருக்காது. அரசாங்கத்திடம் போய்ச் சேராத பணமும் இருக்கலாம். அதை இகுமிஸில் தேடினால் காட்டாது.

முதலாவது, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 50-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். துன் சம்பந்தன் 1960-ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். லயம் லயமாகப் போய், நீங்களே தோட்டத்தை வாங்கலாம் என்று சொல்லிப் பங்கு சேர்த்தார்கள். சம்பளத்தில் பிடித்துக் கட்டியவர்கள் எத்தனையோ பேர். அப்பா உறுப்பினர் என்றால் பெட்டியில் ஒரு பங்குச் சான்றிதழோ சின்னப் புத்தகமோ இருக்கும். அந்தப் பங்கு இன்றும் செல்லும். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள அலுவலகத்தில் உறுப்பினர் எண்ணைச் சொல்லி வாரிசு என்று கேளுங்கள். உங்கள் அண்ணன் கோலாலம்பூரில்தானே இருக்கிறார், அவரையே அனுப்பலாம்.

இரண்டாவது, தபால் நிலைய சேமிப்புப் புத்தகம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்று 10 காசு, 20 காசு தபால் தலை ஒட்டிச் சேர்த்ததெல்லாம் அங்கேதான் போனது. 1974 டிசம்பர் 1-இல் அது பேங்க் சிம்பானான் நேஷனல் ஆகிவிட்டது. அந்தப் புத்தகம் இருந்தால் எந்த பிஎஸ்என் கிளையிலும் காட்டுங்கள்.

மூன்றாவது, ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி. அப்பா 55 வயதில் எல்லாவற்றையும் எடுத்திருந்தாலும், அதற்குப் பிறகு காவல் வேலை பார்த்தார் என்கிறீர்கள். அந்தக் கம்பெனி கட்டிய சந்தா தனியாகக் கிடக்கலாம். ஈபிஎஃப் பணம் உறுப்பினருக்கு 100 வயது ஆகும்வரை ஈபிஎஃபிலேயே இருக்கும். ஜேஏஎன்எம் கவுண்டரில் இல்லை என்று சொன்னால் உண்மையிலேயே இல்லை என்று அர்த்தமில்லை. ஈபிஎஃப் கவுண்டரில் தனியாகக் கேட்க வேண்டும். அங்கே வாரிசுதாரர் என்று யார் பெயரையாவது எழுதி வைத்திருந்தால் அது அவருக்கே நேராகப் போகும்.

தோட்டத்து மனிதர்கள் ஒரு காசைக்கூட வீணாக்கியவர்கள் இல்லை. சம்பள நாளில் என் மேஜைக்கு முன் கைநாட்டு வைத்துவிட்டு, அதில் 5 வெள்ளியை அங்கேயே திருப்பிக் கொடுத்து, இதைக் கட்டிவிடுங்கள் ஐயா என்று சொன்ன முகங்கள் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன. தோட்டம் விற்றுப் போய், லயத்தை இடித்து, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனபோது கடிதமெல்லாம் பழைய முகவரிக்கே வந்து திரும்பியது. யாரும் வாங்காத கடிதத்தின் பின்னால் இருந்த பணம்தான் இன்றைக்கு இப்படிக் கிடக்கிறது. பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தொகை சிறியது என்று விடக்கூடாது.

---

பாயான் பாரு எழுதியது:

எங்கள் பாட்டி விஷயத்தில் ஐசி எண்ணே இல்லாமல் வெறும் பெயர் மட்டும் பதிவாகி இருந்தது. பணத்தை அனுப்பிய கம்பெனியிடம் உறுதிக் கடிதம் கேட்டால் பழைய கோப்பு இல்லை என்றார்கள். விடாமல் எழுத்து மூலமாகக் கேட்டோம், பாலிசி எண் இருந்ததால் கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். போனில் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுத்து வேறு பதில் சொல்வார். மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் அச்சடித்து வையுங்கள். பெட்டியில் இன்சூரன்ஸ் பிரீமியம் ரசீது ஒன்று கிடைத்தாலும் அதைத் தனியாக எடுத்து வையுங்கள் அக்கா.

---

பிறை மகள் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஆளின் எண்ணைத் தடுத்துவிட்டேன்.

ஜெலுத்தோங் அக்கா சொன்னபடி அப்பாவின் இரண்டு எண்ணையும், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் கல்யாணப் பத்திரம், என் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஜேஏஎன்எம் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையாகத் தேடினார். படத்தில் இருந்த மூன்றும் உண்மை. நான்காவதாக ஒன்றும் வந்தது. அதுவும் இன்சூரன்ஸ்தான், வேறு பாலிசி, 640 வெள்ளி. இது புதிய ஐசி எண்ணில் இருந்தது. ஏஜெண்ட் பழைய எண்ணை மட்டும் பார்த்திருப்பார் போலிருக்கிறது. எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்தார். காசு எதுவும் வாங்கவில்லை. வாரிசு உத்தரவு வேண்டும் என்றுதான் அவரும் சொன்னார்.

கிராணி ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பெட்டியை மறுபடியும் கொட்டிப் பார்த்தேன். சம்பளச் சீட்டுகளுக்கு நடுவில் நில நிதிச் சங்கத்தின் சான்றிதழ் இருந்தது. நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து போயிருக்கிறது, ஆனால் உறுப்பினர் எண் நன்றாகத் தெரிகிறது. அம்மாவிடம் காட்டினேன். உடனே கையில் வாங்கிக்கொண்டு, “இதைக் கட்டத்தான் உங்க அப்பா சுருட்டை விட்டாரு” என்றார். எனக்கு இது தெரியவே தெரியாது. அண்ணன் அடுத்த வாரம் விஸ்மா துன் சம்பந்தனுக்குப் போகிறார்.

இப்போது இன்னும் இரண்டு கேள்விகள். தம்பிக்கு லீவு கிடைப்பது கஷ்டம், விசாரணைக்கு அவர் வந்தே ஆக வேண்டுமா? அப்புறம், வீட்டை யார் பெயருக்கு மாற்றுவது என்பதில் பேச்சு வந்திருக்கிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவர் பெயரில் மாற்றினால் மறுபடியும் இதே வேலை வரும், அதனால் அம்மா தன் பங்கை விட்டுக் கொடுத்து நேராக அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அண்ணன் நல்லவர்தான். என்ன செய்வது?

---

ஜெலுத்தோங் அக்கா எழுதியது:

நான்காவது வரி கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அந்த அச்சடித்த தாளை அப்படியே போராங் ஏ-யோடு இணைத்துவிடுங்கள். நில நிதிப் பங்கையும் அசையும் சொத்தில் சேருங்கள். அண்ணன் போய் மதிப்பு என்னவென்று கேட்டு வரும்வரை மனுவை வைத்திருங்கள், ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

தம்பி வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சம்மதப் பாரம் இருக்கிறது, அதில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். சிங்கப்பூரில் இருப்பதால் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் போடுவது நல்லது. சும்மா வீட்டில் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது. பங்கை விட்டுக் கொடுப்பதானால் யாருக்கு விட்டுக் கொடுக்கிறார் என்று பாரத்தில் தெளிவாக எழுத வேண்டும். “குடும்பத்துக்கு” என்று எழுதினால் விசாரணையில் நிறுத்திவிடுவார்கள்.

வீட்டு விஷயத்தில் சட்டம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாதிரி முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம். அப்பாவின் தாய் தகப்பன் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாக. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. உங்களுக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே அளவு. வீட்டுக்கும் அந்த நான்கு வரிப் பணத்துக்கும் இதேதான். எல்லாரும் மனசார ஒத்துக்கொண்டால் வேறு மாதிரியும் பிரிக்கலாம்.

இனிமேல் சொல்வது என் சொந்த அபிப்பிராயம். அம்மாவின் பெயரை எடுக்காதீர்கள். மறுபடியும் வேலை வரும் என்பது உண்மைதான், செலவும் வரும். ஆனால் மகன் பெயருக்கு மாற்றிய வீட்டில் அம்மா விருந்தாளி ஆகிவிடுகிறார். அண்ணன் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் நம்புகிறேன். அண்ணனுக்குக் கடன் வந்தால், அண்ணனுக்கு முன்பின் ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீடு அண்ணன் குடும்பத்தின் சொத்து, அம்மாவுக்கு அதில் கேட்க ஒன்றும் இருக்காது. விட்டுக் கொடுப்பதானால் பிள்ளைகள் மூன்று பேரும் அம்மாவுக்கு விட்டுக் கொடுங்கள். மறுபடியும் வேலை வரக்கூடாது என்றால், வீடு பெயர் மாறியதும் அம்மாவை ஒரு உயில் எழுதச் சொல்லுங்கள். தெளிவான புத்தியோடு இருக்கும்போதே எழுதுவது நல்லது. அதுவும் பிடிக்கவில்லை என்றால் சட்டப்படி உள்ள பங்கின்படியே நான்கு பெயரையும் கெரானில் போடுங்கள். அப்படிச் செய்தால் விற்க நான்கு கையெழுத்து வேண்டும், அம்மாவைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது.

சொந்தக்காரர்கள் முன்னால் அம்மாவைக் கேட்காதீர்கள். தனியாக உட்கார வைத்து, மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது என்பதை முதலில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன விருப்பம் என்று கேளுங்கள். எங்கள் ஆபீஸுக்கு வரும் அம்மாமார்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்குப் பங்கு இருக்கிறது என்பதே அங்கே வந்து பாரத்தைப் படித்துக் காட்டும்போதுதான் தெரிகிறது.

விசாரணை நாளில் அசல் பத்திரங்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும், நகலை மட்டும் கொண்டு போகாதீர்கள். அம்மாவுக்கு நடக்க முடியாது என்பதை மனு கொடுக்கும்போதே கவுண்டரில் சொல்லி வையுங்கள், முடிந்த ஏற்பாடு செய்வார்கள். தம்பிக்கான சம்மதப் பாரத்தை எப்படிப் பூர்த்தி செய்வது என்று நாளை மாலை வேலை முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.